எட்டுப் பக்கத்தில் நம்ம கைவேலை
(வேலை தேடும் சகோதரிகளுக்கு ஒரு பாடம்)



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன் பாக்கி, சேமிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு, ஒரு சகோதரி மெதுவாகக் கேட்டார். "எம்பொண்ணுக்கு ஒரு வேலை வேணும். எனக்கும்தான் வேணும். ஆனா போய் என்னன்னு கேக்கறது? எங்களுக்கு என்ன தெரியும்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் இந்த மாதப் பாடம். நமக்கு என்ன தெரியும்? தெரிந்ததை, கேட்பவர் கண்ணுக்கு எப்படிக் காட்டுவது?

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். பிறகு கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மார்க் ஷீட் ஜெராக்ஸ் ஒன்றை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனேன். கல்லாவில் இருந்தவர் கேட்டார்: "என்னம்மா வேலை தெரியும்?" நான் சொன்ன பதில்: "எது குடுத்தாலும் செய்வேன் சார்." அவர் ஜெராக்ஸை வாங்கி ஒரு கட்டோடு வைத்தார். "சொல்லி அனுப்புறோம்" என்றார். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. அன்று நான் போட்டிருந்த ஜாக்கெட் நானே வெட்டி, நானே தைத்தது. தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். புடவைக் கடைக்கு வேலை கேட்டுப் போனவள், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை! வேலையை உடம்பிலேயே போட்டுக்கொண்டு போயும் காட்டத் தெரியாமல் வந்துவிட்டேன். அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் நான் கொடுத்தது மார்க் மட்டும்தான். மார்க்கைப் பார்த்து அவருக்கு என்ன தெரியும்?

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?

நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. "பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்பார்கள். நம்மைப் பற்றி நாமே சொன்னால் தற்பெருமை என்றும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சிதம்பரம் கோயில் வாசலில் பூக்கட்டும் அக்கா தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வாசனை வருகிறது. விரல் ஓடுகிற வேகம் தெரிகிறது. கட்டின சரம் எதிரே தொங்குகிறது. போகிற வருகிறவர் எல்லோரும் பார்க்கிறார்கள். அவருக்கு வேறு விளம்பரம் தேவையில்லைதான்.

வீட்டுக்குள் தைக்கிறவள், குழுக் கணக்கு எழுதுகிறவள், கல்யாண வீட்டில் பின்கட்டில் சமைக்கிறவள் வேலை யார் கண்ணில் படுகிறது? அந்த வாசனை சுவரைத் தாண்டி வராது. நாம்தான் எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். செய்ததைச் செய்தேன் என்று காட்டுவது பெருமை பேசுவது ஆகாது, கணக்குக் காட்டுவதுதான். குழுவில் மாதாமாதம் கணக்குக் காட்டுகிறோமே, அதே மாதிரி.

நோட்டுப் புத்தகத்தோடு வேலை கேட்டுப் போனவர்

இப்படிக் கையால் எழுதியதை எடுத்துக்கொண்டு வேலை கேட்டுப் போன ஒருவர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கணித மேதை சீனிவாச ராமானுஜன். அவர் மேதை ஆன கதை பள்ளிப் பாடத்தில் வந்திருக்கும். வேலை தேடி அலைந்த கதையை நாம் அதிகம் பேசுவதில்லை.

1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். மெட்ரிகுலேஷன் தேறிவிட்டார். அதற்கு அடுத்த எஃப்.ஏ. படிப்பில் கணக்குத் தவிர மற்றப் பாடங்களில் மனம் போகவில்லை. உதவித்தொகை போனது. கும்பகோணத்திலும் தேறவில்லை, சென்னையிலும் தேறவில்லை. 1909-ல் கல்யாணமும் ஆகிவிட்டது. கையில் பட்டம் இல்லை, வருமானம் இல்லை. தாள் வாங்கக் காசு இல்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழிப்பார். முடிவாக வந்ததை மட்டும் நோட்டில் எழுதி வைப்பார்.

1910-ல் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவர் போன ஊர் திருக்கோவிலூர். இன்று அது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று கடலூரைத் தலைநகராகக் கொண்ட நம்ம தென்னாற்காடு மாவட்டம்தான். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை, சிதம்பரம், கடலூர் வழியாக விழுப்புரம் போகிற ரயில் பாதையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வட்டாரத்து ஆள்தான் அவர்.

திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. காட்டியது நோட்டுப் புத்தகம். ராமசாமி ஐயர் சாதாரண அதிகாரி இல்லை, இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர். நோட்டைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த ஆளைத் தாலுகா ஆபீசில் உட்கார வைத்தால் இவர் திறமை அங்கேயே புதைந்துவிடும் என்று நினைத்து, வேலை கொடுக்காமல், சென்னையில் கணக்குத் தெரிந்தவர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அப்படிப் போய்ப் போய், அந்த வருஷக் கடைசியில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் பார்த்தார். அப்போதும் கக்கத்தில் அந்தப் பழைய நோட்டுதான். கலெக்டருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ராமானுஜன் விடவில்லை. எளிதான கணக்குகளை முதலில் காட்டி, படிப்படியாகக் கடினமானதற்குக் கூட்டிப்போனார். கலெக்டர் மாதாமாதம் பண உதவி செய்தார். ஆனால் இன்னொருவர் காசில் நீண்ட நாள் இருக்க ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. வேலைதான் வேண்டும் என்றிருந்தார்.

1912 பிப்ரவரி 9-ல் சென்னைத் துறைமுகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்து மேலே போக முடியாமல் போனதையும் மறைக்காமல் எழுதினார். நீட்டி முழக்கவும் இல்லை. அதன் பிறகு முழு நேரமும் கணக்கில்தான் செலவிட்டேன், வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்ற பொருளில் முடித்தார். பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தையும் சேர்த்தார். 1912 மார்ச் 1-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே பெரிய கணக்கராக இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர்.

1913 ஜனவரி 16-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதினார். நான் வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் ஒரு துறைமுகக் குமாஸ்தா என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டார். ஆனால் கடிதத்தோடு சுமார் 120 தேற்றங்களை எழுதி அனுப்பினார். ஹார்டி அந்த ஆளைப் பார்த்ததில்லை, சான்றிதழையும் பார்க்கவில்லை. கையெழுத்தில் இருந்த வேலையைப் பார்த்தார். 1914-ல் ராமானுஜன் கப்பல் ஏறினார்.

"அவர் மேதை, நாம யாரு?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஆண், படித்த ஜாதி, கடிதம் கொடுக்க நாலு பெரிய மனிதர். நமக்கு அதெல்லாம் இல்லை, வாஸ்தவம். மேதைமையை நாம் கடன் வாங்க முடியாது. ஆனால் அவர் வேலை கேட்ட முறையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நான்கு விஷயம்:

1. சான்றிதழ் பேசாத இடத்தில் வேலையையே எடுத்துப்போய்க் காட்டினார்.
2. எளியதை முதலில் காட்டினார்.
3. தோற்றதை மறைக்கவில்லை, அதையே பேசிக்கொண்டும் இருக்கவில்லை.
4. அந்த வேலையின் அருமை தெரிந்த ஆளைத் தேடிப் போனார்.

நான்காவதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நான் என் ஜாக்கெட்டைக் கல்லாவில் இருந்தவரிடம் காட்டியிருந்தாலும் ஒருவேளை பலன் இருந்திருக்காது. அதே கடையில் தையல் மாஸ்டர் என்று ஒருவர் இருந்திருப்பார். ஓரம் அடித்ததைப் புரட்டிப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்திருக்கும். சமையல் வேலைக்கு மெஸ்ஸில் சமையல் மாஸ்டரையும், கணக்கு வேலைக்குக் கணக்குப் பிள்ளையையும் பார்க்க வேண்டும். வேலை தெரிந்தவர் கண்ணில் முதலில் படட்டும்.

பெரிய ஓவியர் எழுதிய விண்ணப்பம்

இன்னொரு சின்னச் செய்தி. மோனாலிசா படம் வரைந்த லியொனார்டோ டாவின்சியும் வேலை கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். 1482 வாக்கில், இத்தாலியில் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதியது. அதில் தன் திறமைகளை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வரிசையாகச் சொன்னார். எடுத்துப் போகக்கூடிய பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன் என்றுதான் ஆரம்பம். ஓவியம் தெரியும் என்பது கடைசியில் வருகிறது! ஏன்? அந்த ஆட்சியாளருக்கு அன்று யுத்தக் கவலை. கேட்பவருக்கு என்ன தேவையோ அதை முதலில் வைத்தார். முடிவில், சந்தேகம் இருந்தால் உங்கள் இடத்திலேயே செய்து காட்டுகிறேன் என்றும் சொன்னார்.

நமக்கு இதில் இரண்டு பாடம். நமக்குப் பிடித்ததை விட, அவர்களுக்கு வேண்டியதை மேலே எழுதுவது. செய்து காட்டத் தயார் என்று சொல்வது.

இப்போது நாம் செய்வோம்: எட்டுப் பக்கக் கைப்புத்தகம்

தேவையானவை: ஏ4 அளவுத் தாள் ஒன்று, கத்தரிக்கோல், பென்சில், நீல மை பேனா. துணி மாதிரி ஒட்டுவதானால் தாளுக்குப் பதில் சார்ட் அட்டையை அதே அளவில் வெட்டிக்கொள்ளுங்கள்.

செய்முறை:

1. தாளை நீளவாட்டில் பாதியாக மடித்து, நன்றாக நகத்தால் தேய்த்து, பிரியுங்கள்.
2. இப்போது அகலவாட்டில் பாதியாக மடியுங்கள். இன்னொரு முறையும் பாதியாக மடித்துத் தேய்த்துப் பிரியுங்கள். எட்டுக் கட்டம் தெரியும்.
3. அகலவாட்டில் ஒரு தடவை மட்டும் பாதியாக மடித்து வையுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து, நடுக்கோட்டின் மேல், அடுத்த குறுக்கு மடிப்பு வரை மட்டும் வெட்டுங்கள். அதற்கு மேல் வெட்டக் கூடாது.
4. தாளைப் பிரித்தால் நடுவில் ஒரு கீறல் இருக்கும். மறுபடி நீளவாட்டில் மடித்து, இரண்டு ஓரத்தையும் பிடித்து உள்ளே தள்ளுங்கள். கீறல் திறந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதைச் சுற்றிப் படிய மடித்தால் புத்தகம் ரெடி.

பசை வேண்டாம், ஊசி நூல் வேண்டாம். சட்டைப் பையில் அடங்கும். மடித்த பிறகு பென்சிலால் 1 முதல் 8 வரை பக்க எண் போடுங்கள். பிறகு பிரித்து எழுதுங்கள். சில பக்கம் தலைகீழாக இருக்கும், குழம்ப வேண்டாம், எண் இருக்கிற பக்கம் பார்த்து எழுதினால் சரியாக வரும். இதில் ஒரு லாபமும் உண்டு. எழுதுவது எல்லாம் தாளின் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். அதனால் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அதே மாதிரி வெட்டி மடித்தால் இன்னொரு புத்தகம் கிடைத்துவிடும்.

எட்டுப் பக்கத்தில் என்ன எழுதுவது?

பக்கம் 1: உங்கள் பெயர், ஊர், என்ன வேலை கேட்கிறீர்கள் என்பது, போன் நம்பர். வேலை ஒன்றுதான். "எதுவானாலும்" என்று எழுதாதீர்கள்.

பக்கம் 2: செய்யத் தெரிந்தவை ஐந்து வரி. அவர்களுக்கு அதிகம் வேண்டியது முதல் வரியில்.

பக்கம் 3, 4, 5: வேலையின் மாதிரி. புத்தகத்தின் உயிர் இதுதான். எளிதில் இருந்து கடினத்துக்குப் போகட்டும்.

பக்கம் 6: இதுவரை யாருக்கு, எங்கே, எவ்வளவு நாள் செய்தீர்கள். சம்பளம் வாங்காமல் செய்ததும் வேலைதான்.

பக்கம் 7: உங்கள் வேலையைப் பார்த்த ஒருவர் சொல்லும் இரண்டு வரி, அவர் கையெழுத்தோடு. அவரைக் கேட்டுவிட்டுத்தான் பெயர் போட வேண்டும்.

பக்கம் 8: எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வர முடியும், எப்போது சேரலாம், "செய்து காட்டத் தயார்" என்ற ஒரு வரி.

மூன்று சகோதரிகள், மூன்று புத்தகம்

பாடத்துக்காக மூன்று பேரை நினைத்துக்கொள்வோம்.

முதல் சகோதரி கடலூர் முதுநகரில் இருக்கிறார். தையல் தெரியும். லாரன்ஸ் ரோடு பக்கம் ஏதாவது ஜவுளிக்கடையிலோ தையல் கடையிலோ வேலை வேண்டும். அவர் 3-ஆம் பக்கத்தில் இரண்டு அங்குலத் துணியில் ஓரம் அடித்து ஒட்டலாம். 4-ஆம் பக்கத்தில் ஒரு காஜா எடுத்துப் பட்டன் வைத்தது, பக்கத்தில் கொக்கி கட்டியது. 5-ஆம் பக்கத்தில் லைனிங் வைத்துத் திருப்பித் தைத்த கழுத்து ஓரத் துண்டு. துணியின் மேல் விளிம்பை மட்டும் ஒட்டுங்கள். மாஸ்டர் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார். தையல்காரி லட்சணம் பின்பக்கத்தில்தான் தெரியும்.

இரண்டாவது சகோதரி சிதம்பரத்துக்காரர். பத்தாவதுவரை படிப்பு. ஐந்து வருஷமாகக் குழுவுக்கு ஊக்குநர். நாலு வீதியில் எங்காவது ஒரு கடையில் பில் போட, கணக்கு எழுத வேலை தேடுகிறார். "எனக்கு அனுபவம் இல்லை" என்கிறார்! தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு-கடன் பேரேடு, பொதுப் பேரேடு எல்லாம் யார் எழுதியது? வட்டி யார் போட்டது? பேங்குக்கு யார் போனது? அவர் 3-ஆம் பக்கத்தில் ஒரு மாத ரொக்கப் புத்தகத்தை மாதிரியாக எழுதலாம். வரவு, செலவு, இருப்பு, அடித்தல் திருத்தல் இல்லாமல். 4-ஆம் பக்கத்தில் ஒரு கடனுக்கு வட்டிக் கணக்கு. 5-ஆம் பக்கத்தில் ஒரு பில். ஒன்று கவனம்: உண்மையான குழுக் கணக்கையோ உறுப்பினர் பெயரையோ எழுதக் கூடாது. மாதிரிக்குத் தனியாக எண்களைப் போடுங்கள். ரகசியம் காக்கத் தெரிந்தவர் என்பதற்கும் அதுவே சாட்சி.

மூன்றாவது சகோதரி பரங்கிப்பேட்டைப் பக்கம். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். தெருவில் எந்த விசேஷம் என்றாலும் சமையலுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணாமலை நகரில் ஒரு மெஸ்ஸில் சேர ஆசை. சமையலைத் தாளில் ஒட்ட முடியாதே? 3-ஆம் பக்கத்தில், 50 பேர் மதியச் சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, காய், எண்ணெய் எவ்வளவு என்று தன் கை அளவை எழுதட்டும். 4-ஆம் பக்கத்தில் ஒரு வாரத்துக்குக் காலை, மதியம், ராத்திரி என்ன சமைக்கலாம் என்ற பட்டியல். 5-ஆம் பக்கத்தில், மீந்த சாதம், மீந்த காயை வீணாக்காமல் என்ன செய்வார் என்று நாலு வரி. மெஸ் நடத்துகிறவருக்கு இந்த 5-ஆம் பக்கம் கண்ணில் பட்டால் போதும். புத்தகத்தோடு ஒரு சின்னத் தூக்கில் கத்தரிக்காய் கொத்சுவும் கொண்டுபோனால், நம்ம சிதம்பரத்தில் அதற்கு மேல் சிபாரிசு வேண்டாம்!

எழுதத் தெரியாத சகோதரிகள் என்ன செய்வது? மகளோ, குழுவில் ஒருவரோ எழுதிக் கொடுக்கட்டும். ஆனால் மாதிரி மட்டும் உங்கள் கையால் செய்ததாகவே இருக்க வேண்டும். அடுத்தவர் தைத்ததை ஒட்டினால் முதல் நாளே சாயம் வெளுத்துவிடும்.

கூடவே ஒரு கடிதம்

புத்தகத்தோடு அரைப் பக்கக் கடிதம் ஒன்று இருக்கட்டும். மாதிரி:

"ஐயா / அம்மா, வணக்கம். உங்கள் கடையில் தையல் வேலைக்கு ஆள் தேவை என்று அறிந்தேன். ஏழு வருடமாக வீட்டில் ஜாக்கெட், சுடிதார் தைத்து வருகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தேன். குடும்பச் சூழ்நிலையால் மேலே படிக்கவில்லை. என் வேலையின் மாதிரிகளை இத்துடன் உள்ள சிறு புத்தகத்தில் வைத்திருக்கிறேன். ஒரு ஜாக்கெட் உங்கள் கடையிலேயே தைத்துக் காட்டத் தயாராக இருக்கிறேன். காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை வர இயலும். நன்றி."

படிப்பு நின்றதற்கு ஒரே வரி. பத்து வருஷம் வீட்டில் இருந்தாலும் ஒரே வரிதான். கஷ்டத்தைச் சொல்லி வேலை கேட்காதீர்கள். கஷ்டம் உண்மைதான், அதைக் குழுவில் பேசுவோம். வேலை கேட்கிற இடத்தில் வேலையைப் பற்றிப் பேசுவோம். இரக்கப்பட்டுக் கொடுத்த வேலைக்குச் சம்பளமும் இரக்கப்பட்டுத்தான் கொடுப்பார்கள்.

எங்கே செல்லும், எங்கே செல்லாது

இந்தப் புத்தகம் எல்லா வேலைக்கும் சாவி இல்லை. அரசு வேலைக்கு அவர்கள் கேட்கும் முறையில்தான், பெரும்பாலும் கம்ப்யூட்டர் வழியாகத்தான், விண்ணப்பிக்க வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க மறக்காதீர்கள். பெரிய கம்பெனிகள் டைப் அடித்த பயோடேட்டாவைத்தான் கேட்கும். அதையும் ஒன்று தயாராக வைத்துக்கொண்டு, இந்தப் புத்தகத்தைக் கூட வையுங்கள்.

கடை, மெஸ், சின்னப் பள்ளிக்கூடம், தையல் யூனிட், முந்திரிக் கம்பெனி, இப்படி முதலாளியோ மேஸ்திரியோ நேரில் பார்த்து ஆள் எடுக்கும் இடத்தில் இது நன்றாகப் பேசும். மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் துறை முகாமுக்குப் போகும்போதும் நாலைந்து பிரதி எடுத்துப் போங்கள். புத்தகத்தைப் பிரித்துப் போட்டோ எடுத்து வைத்தால் வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம்.

ஜாக்கிரதை!

- புத்தகத்தில் ஆதார் எண், பேங்க் கணக்கு எண், ஜாதி, வீட்டு முழு முகவரி எழுத வேண்டாம். ஊர் பெயர் போதும்.
- அசல் சான்றிதழை யாரிடமும் விட்டு வராதீர்கள். காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம்.
- வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு என்று யார் சொன்னாலும் கட்டாதீர்கள். முதலில் குழுவில் சொல்லுங்கள்.
- போன் நம்பர் உள்ள தாளைச் சுவரில், பஸ் ஸ்டாண்டில் ஒட்டாதீர்கள். கைக்குக் கை கொடுங்கள். வேண்டாத போன் தொல்லை வராது.
- செய்து காட்டுவது ஒரு ஜாக்கெட் அல்லது ஒரு நாள். "ஒரு மாசம் சும்மா வந்து பாரு, அப்புறம் பேசலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சம்பளத்தைப் பேசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.
- புது இடத்துக்கு முதல் தடவை போகும்போது ஒரு சகோதரியைத் துணைக்குக் கூட்டிப்போங்கள். எங்கே போகிறோம் என்று வீட்டிலும் சொல்லுங்கள்.

கூட்டமைப்பு என்ன செய்யலாம்?

7-ஆம் பக்கத்துக்குப் பெரிய மனிதர் கையெழுத்து கிடைக்காதவர்கள் நிறையப் பேர். அங்கேதான் நாம் ஒருவருக்கொருவர் உதவ முடியும். ஒரு சகோதரி ஐந்து வருஷம் கணக்கு எழுதியிருந்தால், அதைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, கூட்டமைப்பு முத்திரையோடு இரண்டு வரிச் சான்று கொடுக்கலாம். உண்மையில் செய்ததை மட்டும், வருஷக் கணக்கோடு. வேண்டியவர் என்பதற்காக ஒரு வரி கூட்டி எழுதினால், நாளை நம் முத்திரைக்கே மதிப்பு இருக்காது. நாலு பேருக்கு வேலை வாங்கித் தந்த முத்திரை என்று பெயர் வாங்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். "ஏதோ கொஞ்சம் தெரியும்" என்று ஆரம்பிக்கக் கூடாது.
2. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சகோதரிக்குத் தெரிந்த இரண்டு வேலையை நீங்கள் சொல்லுங்கள். (அவருக்கே தெரியாத திறமை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.)
3. உங்கள் வேலையின் அருமை தெரிந்த ஆள் நம் ஊரில் யார்? அவரைப் பார்க்க என்ன வழி?
4. சம்பளம் இல்லாமல் இதுவரை செய்த வேலைகளில், வெளியில் சம்பளம் கிடைக்கக்கூடியது எது?

வீட்டுப் பாடம்

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு கைப்புத்தகம் செய்து கொண்டுவாருங்கள். வேலை தேடாதவர்கள், தங்கள் மகளுக்கோ மருமகளுக்கோ செய்யச் சொல்லிக் கொண்டுவாருங்கள். நடுவில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பார்ப்போம். எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

நானும் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். எனக்கு இப்போது வேலை தேட வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் 3-ஆம் பக்கத்தில் என் பழைய ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு ஓரத்தை வெட்டி ஒட்டியிருக்கிறேன். அன்று காட்டாமல் திரும்பிய அதே ஜாக்கெட்தான். தையல் இன்னும் பிரியவில்லை. வந்து புரட்டிப் பாருங்கள்.